அடுக்குமாடிக்குப் புதிதாகப் போகிறீர்களா? வீட்டைப் பார்க்கும் முன் கட்டடத்தைப் பாருங்கள்

தனி வீட்டில் வளர்ந்தவர்கள் முதல்முறை அபார்ட்மென்ட் பார்க்கப் போகும்போது என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். கதவைத் திறந்ததும் நேரே பால்கனிக்குப் போய் நின்றேன், சமையல் மேடையைத் தட்டிப் பார்த்தேன், குழாயைத் திறந்து மூடினேன், அலமாரியை எங்கே வைக்கலாம் என்று கையால் அளந்தேன். மொத்தம் 20 நிமிடம். அன்றைக்குப் பார்க்காமல் விட்ட மூன்று விஷயங்கள்தான் அடுத்த பல வருடம் என் பணத்தையும் தூக்கத்தையும் தீர்மானித்தன: மொட்டைமாடி, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கணக்கு, எதிரே இருந்த காலி மனை.

அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கும்போது கட்டடத்தில் ஒரு பங்கையும் வாங்குகிறீர்கள், கூடவே முன்பின் தெரியாத 40, 100, சில இடங்களில் 500 குடும்பங்களோடு சேர்ந்து செலவு செய்யவும் முடிவெடுக்கவும் ஒப்புக்கொள்கிறீர்கள். இது தெரிந்து உள்ளே போனால் நிம்மதியாக இருக்கலாம். வாடகைக்குப் போகிறவர்களுக்கும் கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் உதவும்.

முதலில்: எது உங்களுடையது, எது எல்லோருடையது

நாலாவது மாடியில், அந்தரத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கு ஒருவர் தனிப் பத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்பது பல நாடுகளின் சட்டத்துக்கு அவ்வளவு பழைய விஷயம் இல்லை. ஜெர்மனி 1951இலும், புவேர்ட்டோ ரிக்கோ 1958இலும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இலும் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தன. ஓர் ஊரில் ஸ்ட்ராட்டா என்பார்கள், இன்னோர் ஊரில் காண்டோமினியம் என்பார்கள், விவரங்களும் மாறும், ஆனால் அடிப்படை ஏற்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் சுவர்களுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. படிக்கட்டு, லிஃப்ட், கூரை, அஸ்திவாரம், பொதுக் குழாய், நிலம் இவற்றில் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்கு.

சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டும் சந்திக்கிற எல்லைக்கோட்டில்தான். சுவரின் உள்பூச்சு உங்களுடையது, சரி, சுவர் யாருடையது? பால்கனித் தரையில் பதித்த டைல்ஸ் உங்களுடையது என்றால் அதற்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு, அதாவது வாட்டர்ப்ரூஃபிங், யாருடையது? இதைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆகவே மூன்று கேள்விகளைக் குறிப்பாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜன்னல் சட்டம் உளுத்துப்போனால் மாற்றுவது யார்? பால்கனித் தளம் கீழ்வீட்டில் ஒழுகினால் யார் செலவு? மேலிருந்து கீழே போகும் பொதுக் கழிவுநீர்க் குழாய் என் குளியலறைச் சுவருக்குள் உடைந்தால், சுவரை உடைத்துக் குழாயை மாற்றிய பிறகு திரும்பப் பூசி டைல்ஸ் ஒட்டிக் கொடுப்பது யார்? இந்த மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத சங்கங்கள் நிறைய.

வண்டி நிறுத்தும் இடம் பற்றியும் இதேபோல. அது பத்திரத்தில் உங்கள் பெயரில் இருக்கிறதா, சங்கம் உங்களுக்கு ஒதுக்கியதா, இல்லை இத்தனை நாளாக யாரும் கேட்காததால் பழைய உரிமையாளர் நிறுத்திவந்தாரா? மூன்றும் வேறு வேறு. பரப்பளவைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணில் படிக்கட்டு, வராந்தா, லிஃப்ட் கூண்டு எல்லாவற்றிலும் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கலாம். கார்பெட் ஏரியா, அதாவது உங்கள் சுவர்களுக்குள் இருக்கும் தரைப்பரப்பு, எவ்வளவு என்று கேளுங்கள், கட்டில் போடப்போவது அதில்தான்.

இரண்டாவது: மேலிருந்து கீழே நடங்கள்

வீட்டைக் காட்ட வந்தவர் நேராக உங்களை வீட்டுக்குள் கூட்டிப் போவார். போங்கள், பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மொட்டைமாடிச் சாவி கேளுங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போவது மிக நல்லது.

மாடியில் தண்ணீர் எங்கேயாவது தேங்கி நிற்கிறதா, கைப்பிடிச் சுவர் விரிசலில் செடி முளைத்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு ஒழுங்கான மூடி இருக்கிறதா என்று பாருங்கள். விரிசலில் முளைத்த செடி சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அது அங்கே இலைவிடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் இத்தனை மாதம் மாடிக்கு ஏறிப் பார்த்தவர் யாரும் இல்லை என்று அர்த்தம். அப்புறம் படிக்கட்டு வழியாகவே இறங்குங்கள், லிஃப்டில் இறங்காதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புக் கதவு இருந்தால் அது தானாக மூடிக்கொள்கிறதா, இல்லை செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறார்களா? பழைய மெத்தை, உடைந்த நாற்காலி, சைக்கிள் எல்லாம் படிக்கட்டில் கிடக்கிறதா? தீ விபத்தில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் புகைதான், அந்தக் கதவும் காலியான படிக்கட்டும் இருப்பது புகை பரவாமல் இருக்கவும் நீங்கள் இருட்டில் இறங்கி வரவும்தான்.

கடைசியில் தரைக்குக் கீழே உள்ள தளம் (பேஸ்மென்ட்). இங்கே நிதானமாக நில்லுங்கள். தூண்களிலும் கூரையின் அடிப்பக்கத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் நுழைந்து வெளியே வருகிறது. பழுப்புக் கறை இறங்கியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளும், கான்கிரீட் பெயர்ந்து விழும், அதன்வழியாக இன்னும் தண்ணீர் போகும், இன்னும் துருப்பிடிக்கும். சிமென்ட் பூசி வெள்ளை அடித்து மறைத்த இடங்கள் சுற்றியுள்ள சுவரைவிடப் புதிதாகத் தெரியும். அவற்றைப் படம் எடுத்து, அனுபவமுள்ள கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீணென்று நினைக்காதீர்கள், இந்த மொத்தக் காரியத்தில் நீங்கள் செய்யும் மிகச் சிறிய செலவு அதுவாகத்தான் இருக்கும்.

புதுக் கட்டடம் என்றால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1980களிலும் 90களிலும் கட்டிய ஏராளமான அடுக்குமாடிகளில், வெளிச்சுவர்ப் பூச்சு வழியாகப் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மரச்சட்டங்கள் அழுகிப்போயின. மழை அதிகம் பெய்யும் ஊரில், கூரை சுவரைத் தாண்டி நீளாத கட்டட வடிவமைப்பு. வாங்கும்போது பார்க்க அழகான, புதிய வீடுகள் அவை. விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு அது போனது, சேமிப்பையெல்லாம் பழுதுபார்ப்பதிலேயே இழந்த குடும்பங்கள் பல.

இறங்கி வந்ததும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். ஒரு சங்கம் எப்படிப் பேசும் என்பது அதில் தெரியும். பலகை முழுக்கப் பாக்கிதாரர் பட்டியலும் எச்சரிக்கையும்தானா, தொட்டி சுத்தம் செய்யும் தேதியும் லிஃப்ட் சோதனைத் தேதியும் இருக்கிறதா? காவலாளியிடமும் துப்புரவு செய்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தத் தளத்தில் தண்ணீர் வராது, எந்தக் குழாய் அடிக்கடி அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு செயலாளருக்கே தெரியாது. அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பதும் கட்டடத்தின் நிலைமையைச் சொல்லும்.

மூன்றாவது: காகிதங்கள் (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

கேட்க வேண்டியவை இவை: கடைசி மூன்று வருடக் கணக்கு, கடைசி இரண்டு வருடப் பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகள், கட்டடக் காப்பீடு, சங்க விதிமுறைகள், நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஏதாவது இருந்தால் அதன் விவரம், கட்டடம் பழையதென்றால் பொறியாளர் கொடுத்த அறிக்கை. கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது மாதப் பராமரிப்புத் தொகை இல்லை, பின்னால் வரும் பெரிய செலவுகளுக்காக எடுத்துவைக்கும் சேமநிதி. சிங்கிங் ஃபண்ட், கார்பஸ், ரிசர்வ் என்று பல பேரில் இருக்கும். மாதத் தொகை குறைவாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். அது குறைவாக இருப்பதற்குக் காரணம் சிக்கனமா, இல்லை நாளைக்கு வரப்போகும் செலவுக்கு யாரும் எடுத்துவைக்காததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. லிஃப்டின் ஆயுள் 25 வருடம், கட்டடத்தில் 60 வீடு என்று வைத்துக்கொள்வோம். 25 வருடம் என்பது 300 மாதம். 300 மாதமும் 60 வீடும் சேர்த்துக் கட்டினால், விலை ஏற்றத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு வீடு ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியது புது லிஃப்டின் செலவில் 18,000இல் ஒரு பங்கு. யாருக்கும் தெரியவே தெரியாத தொகை. எடுத்துவைக்காமல் விட்டு லிஃப்ட் நின்றுபோன நாளில் கேட்டால், ஒவ்வொரு வீடும் 60இல் ஒரு பங்கை ஒரே தவணையில் கொடுக்க வேண்டும். இதில் அநியாயம் என்னவென்றால், 24 வருடம் அந்த லிஃப்டில் ஏறி இறங்கியவர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார், போன மாதம் குடிவந்தவர் முழுத் தொகையையும் கட்டுவார். சேமநிதி இல்லாத கட்டடத்தில் வீடு வாங்குகிறவர், முன்னால் இருந்தவருடைய கடனையும் சேர்த்து வாங்குகிறார். மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங், வெளிப்பூச்சு, மோட்டார், ஜெனரேட்டர், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

பணத்தோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில் 1981இல் கட்டிய 12 மாடிக் கட்டடம் ஒன்று, 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவு தாண்டி, பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தபோது அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். 2018இலேயே ஒரு பொறியாளர், நீச்சல்குளத் தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுப்போய் அதற்குக் கீழே உள்ள கான்கிரீட்டில் பெரிய சேதம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தளத்தில் தண்ணீர் வடிய வாட்டமே இல்லை. செலவு பெரிது, கையிருப்பு சிறிது, யார் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு நீண்டுகொண்டே போனது, உரிமையாளர்களிடம் பெருந்தொகை வசூலிப்பது என்ற முடிவு 2021 ஏப்ரலில்தான் வந்தது. அதற்குப் பிறகு 2022இல் ஃபுளோரிடா சட்டத்தை மாற்றி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட கட்டடங்களுக்குக் குறிப்பிட்ட வயதில் கட்டமைப்புச் சோதனையையும், கட்டமைப்புப் பழுதுக்கான சேமநிதியையும் கட்டாயமாக்கியது. அதுவரை உரிமையாளர்களே வாக்களித்து அந்த நிதியை ஒதுக்காமல் விடலாம் என்றிருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொன்ன எல்லோரும், நான் உட்பட, இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கூட்டக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். கசிவு, விரிசல், அடைப்பு, ஒத்திவைப்பு. நாலு கூட்டத்தில் ஒரே கசிவு ஒத்திவைக்கப்பட்டிருந்தால் அது உங்கள் காலத்தில் உங்கள் தலையில் வரும்.

நான்காவது: தெருவை மூன்று வேளை பாருங்கள்

காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை. ஒரு நாள் வேலைநாளாக இருக்கட்டும், இன்னொன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். பள்ளி விடும் நேரத்தில் எந்தப் பக்கம் வண்டிகள் திணறி நிற்கும், மழையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், இரவில் விளக்கெரியாத நீளம் எவ்வளவு, பேருந்து நிறுத்தத்துக்கு உங்கள் அம்மாவால் நடந்து போக முடியுமா என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

பால்கனிக் காட்சியைப் பார்த்து மயங்கியிருந்தால், அந்தக் காட்சியில் உள்ள நிலமெல்லாம் யாருடையது என்று விசாரியுங்கள். காலி மனை, ஒற்றை மாடிக் கிடங்கு, மூடிக் கிடக்கும் தொழிற்சாலை, பெரிய தோட்டத்தோடு கூடிய பழைய வீடு, தரைத்தள வண்டி நிறுத்துமிடம் எல்லாம் நாளைய கட்டடங்கள். நகரத் திட்ட அலுவலகத்தில் அந்த மனைக்கு எத்தனை மாடி அனுமதி, என்ன பயன்பாடு, சாலையை அகலப்படுத்தும் திட்டக்கோடு எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலான நகரங்களில் இது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம். புதிய ரயில் பாதை வருகிறது என்று சொல்லி விலை கூட்டுவார்கள். பாதை வரும், அதோடு பல வருடம் தோண்டிய சாலையும் தூசியும் அதிர்வும் வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எனக்கு எதிரே இருந்த காலி மனையில் இப்போது எங்கள் கட்டடத்தைவிட ஆறு மாடி உயரமான ஒன்று நிற்கிறது. காலை வெயில் போய்விட்டது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை.

ஐந்தாவது: குடிபோன முதல் வாரம்

இது சுருக்கமானது, ஆனால் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுதாக நிறுத்தும் வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, திருகிப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். மின்சார மெயின் சுவிட்ச் எங்கே, எரிவாயுவை எங்கே மூடுவது, இரண்டு படிக்கட்டு இருந்தால் இரண்டும் எங்கே போய் முடிகின்றன என்பதையும். ஒருமுறை குழந்தைகளோடு படியிறங்கிக் கீழே போய்ப் பாருங்கள். வாஷிங் மெஷினுக்குப் போகும் ரப்பர் குழாய் பழையதாக இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள், வெடித்தால் நனைவது உங்கள் வீடு மட்டும் இல்லை. மின்சார வண்டி பேட்டரியை வாசல் கதவுக்குப் பக்கத்திலோ நடைபாதையிலோ சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்தால் வெளியே போகும் வழியே அடைபட்டுவிடும்.

அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாதது. நீண்ட நாள் வெளியூர் போய்த் திரும்பினால் குளியலறையில் சாக்கடை நாற்றம் வரும். தரையில் உள்ள வடிகாலுக்குக் கீழே குழாய் வளைந்து அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிறது. வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும், பிளம்பரைக் கூப்பிட வேண்டாம்.

ஆறாவது: சத்தமும் கசிவும்

அடுக்குமாடிச் சண்டைகளில் பெரும்பாதி இந்த இரண்டில் அடங்கிவிடும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சத்தம் இரண்டு வகை. பேச்சு, டிவி, பாட்டு எல்லாம் காற்று வழியாக வரும், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தாலே பாதி குறையும். இன்னொரு வகை கட்டடத்தின் உடம்பு வழியாக வருவது: குதிகால் வைத்து நடப்பது, நாற்காலியை இழுப்பது, மிக்சி மேடையில் அதிர்வது. இந்தச் சத்தத்தைக் கேட்கிறவர் வீட்டில் எந்தத் திரை போட்டாலும் பெரிதாகக் குறையாது, உண்டாகிற இடத்திலேயே தடுக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட், நடக்கும் வழியில் தடித்த விரிப்பு, மிக்சிக்கு அடியில் ரப்பர் பாய். இதையெல்லாம் கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்வதற்கு முன்பே நீங்களே போட்டுவிட்டால் முதல் சந்திப்பு சண்டையாக இருக்காது. இன்னொன்றும் மனதில் வையுங்கள். சத்தம் தூண் வழியாகவும் ஸ்லாப் என்கிற கான்கிரீட் தளம் வழியாகவும் பக்கவாட்டில் போகும், தலைக்கு மேல் கேட்கும் சத்தம் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று சத்தியம் செய்ய முடியாது. நான் ஒருமுறை மேலே போய்க் கதவைத் தட்டிய இரவில் அந்த வீட்டு அம்மா காய்ச்சலோடு படுத்திருந்தார், சத்தம் வந்தது இரண்டு வீடு தள்ளி. அதற்குப் பிறகு நான் தட்டுவதற்கு முன் வராந்தாவில் ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

கசிவும் இதே மாதிரிதான், கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்று இல்லை. தண்ணீர் ஸ்லாபுக்குள் சுலபமான வழியைத் தேடிப் பல அடி தள்ளி வந்து இறங்கும். கறையைக் கண்டதும் அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுங்கள். எப்போது பெரிதாகிறது என்று கவனியுங்கள்: மழை பெய்தால் மட்டும் பெரிதானால் வெளிச்சுவரோ மாடியோ, மேல்வீட்டில் குளித்த பிறகு மட்டும் என்றால் வடிகாலோ தரை இணைப்போ, எந்நேரமும் ஒரே சீராக இருந்தால் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும், யார் செலவு என்பதும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். கீழே சுண்ணாம்பு அடித்துக் கறையை மறைப்பது கடைசி வேலை, மேலே சரிசெய்து ஒரு மாதம் காய்ந்த பிறகு.

நீங்கள் மேல்வீடாக இருந்து கீழே கசிவதாகச் சொன்னால், உடனே "எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் குளியலறை காய்ந்துதான் தெரியும், ஒழுகுவது அதற்கு அடியில். வாங்க, சேர்ந்து பார்க்கலாம் என்று உள்ளே கூப்பிடுங்கள். சமையல் எண்ணெயை ஸிங்கில் ஊற்றாமல் இருப்பதும் இதில் சேரும். குழாயில் அது குளிர்ந்து கெட்டியாகி அடைத்தால் சாக்கடை பொங்குவது உங்கள் வீட்டில் இல்லை, தரைத்தள வீட்டில்.

ஏழாவது: கூட்டத்துக்குப் போங்கள்

புதிதாக வந்தவர்கள் ஒரு வருடம் ஒதுங்கி நிற்பார்கள். நிற்காதீர்கள். முதல் கூட்டத்தில் பேசவே வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள், யார் யார் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று தெரியும், அந்தக் கோபத்துக்குப் பின்னால் பத்து வருடக் கதை இருக்கும். இரண்டாவது கூட்டத்தில் ஒரு சின்ன வேலையை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்: தொட்டி சுத்தம் செய்வதை மேற்பார்க்கிறேன், தீயணைப்பான்களின் காலாவதித் தேதியைப் பட்டியல் போடுகிறேன், இப்படி. செயலாளரும் பொருளாளரும் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கும் அக்கம்பக்கத்தார். இரவு 11 மணிக்குக் குரூப்பில் கோபமாக எழுதுவதைவிட மறுநாள் காலையில் நேரில் கேட்டால் வேலை நடக்கும். ஆனால் பணக் கணக்கு மட்டும் நட்புக்காக விடக்கூடாது. ரசீது, மூன்று இடத்தில் விலை கேட்டது, தணிக்கை, இவை இருக்கிறதா என்று மரியாதையாகவும் விடாமலும் கேளுங்கள். நான் இரண்டு வருடம் பொருளாளராக இருந்தேன், அப்படிக் கேட்டவர்களால்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வாடகைக்கு இருப்பவர்களைப் பல சங்கங்கள் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. வாக்கு இல்லாவிட்டாலும் பேச இடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். தினமும் லிஃப்டில் ஏறுகிறவர்கள் அவர்கள்தான், உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார்.

எட்டாவது: சுற்றுப்புறம் மாறுகிறது, அதில் நீங்களும் ஒரு காரணம்

உங்கள் கட்டடம் வருவதற்கு முன்னும் அங்கே ஏதோ இருந்தது. பட்டறை, வரிசை வீடுகள், சிறு கடைகள். லண்டனின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் வசதியானவர்கள் வந்து குடியேறக் குடியேற, அங்கேயே இருந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுவதைக் கவனித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், 1964இல் அதற்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர் வைத்தார். இன்று உலகமெங்கும் அதே பெயர்தான். முதலில் ஒரு பழைய வீடு பளபளப்பாகும், பக்கத்து வாடகை ஏறும், தையல்காரரும் சைக்கிள் பழுதுபார்ப்பவரும் கடையைக் காலி செய்வார்கள், அந்த இடத்தில் கண்ணாடி போட்ட கடை வரும். ஒருவர் வீடு வாங்கினதால் மட்டும் இது நடப்பதில்லை, வாங்காமல் இருந்தால் நிற்கப்போவதும் இல்லை. ஆனால் குடிவந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறோம் என்பது நம் கையில்.

நான் பார்த்ததில் மிக மோசமான பழக்கம், ஏற்கெனவே இருந்த சத்தத்தின் மேல் புகார் கொடுப்பது. 30 வருடமாக அங்கே நடக்கும் பட்டறை, அதிகாலைச் சந்தை, இசை நடக்கும் அரங்கு, வழிபாட்டு இடம். புதிதாக வந்தவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அவர்கள் பிழைப்பு போய்விடும். இதற்காகவே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: இசை நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டினால், சத்தம் உள்ளே வராமல் தடுக்கும் பொறுப்பு புதிதாகக் கட்டுகிறவருடையது. இங்கிலாந்தும் 2018இல் தன் நகரத் திட்டக் கொள்கையில் இதே கருத்தைச் சேர்த்தது. உங்கள் ஊரில் அப்படி விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடி போடுங்கள், கட்டியவரிடம் கேளுங்கள், பட்டறைக்காரரிடம் போய்ப் பேசி எத்தனை மணிக்கு இயந்திரம் ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் செயலியில் வரவழைக்காமல், வாரத்தில் சில பொருட்களையாவது நடந்துபோய்த் தெருக்கடையில் வாங்குங்கள். செருப்பு தைப்பவர், குடை பழுதுபார்ப்பவர், பூட்டுக்காரர் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்த சுவரைச் சங்கம் உயர்த்திக் கட்ட நினைத்தால் யோசிக்கச் சொல்லுங்கள், உயரமான மூடிய சுவருக்கு வெளியே நடைபாதை இரவில் யாரும் நடக்கப் பயப்படும் இடமாகிவிடும். உள்ளிருந்து பார்க்கக்கூடிய கம்பி வேலியும் ஒரு விளக்கும் போதும்.

கடைசியாக: இடித்துக் கட்டலாம் என்று ஒரு நாள் கேட்பார்கள்

சுற்றுப்புறத்தில் நில மதிப்பு ஏறினால் உங்கள் கட்டடத்துக்கும் ஆள் வரும். எல்லோரும் சம்மதித்தால்தான் விற்கலாம் என்று சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் குறிப்பிட்ட பெரும்பான்மை போதும். சிங்கப்பூரில் 10 வருடம் நிறைந்த கட்டடத்தை மொத்தமாக விற்க 80 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள், அதற்கும் புதியதென்றால் 90 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை என்று வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மீதமுள்ளவர்களில் நீங்கள் இருக்கலாம்.

சம்மதப் பத்திரம் கையில் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். கட்டும் காலத்தில் வாடகை யார் தருவார், காலம் தாண்டினால் என்ன, புது வீட்டின் கார்பெட் ஏரியா எவ்வளவு, கட்டுபவர் நடுவில் நின்றுபோனால் என்ன உத்தரவாதம், புதுக் கட்டடத்தின் மாதப் பராமரிப்பு எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் புது வீட்டை இலவசமாகவே பெற்றாலும், நீச்சல்குளமும் நான்கு லிஃப்டும் உள்ள கட்டடத்தின் மாதத் தொகையைக் கட்ட முடியாமல் இரண்டே வருடத்தில் விற்றுவிட்டுப் போக நேரலாம். கூட்டத்துக்கு முந்தைய நாள், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், அவருக்கு எந்தத் தொகை தாங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மறுநாள் கூட்டத்தில் அந்த எண்ணை அவரோடு சேர்ந்து எழுந்து நின்று சொல்லுங்கள்.